ஞாயிற்றுக்கிழமை வராத டேங்கர்

அத்தியாயம் 4

"அப்பா டேங்கர்லேர்ந்து கேஸ் திருடலைன்னு மட்டும் நிரூபிச்சுக் குடுங்க மேடம். அந்தப் பாதையில ஏன் போனார்ங்கிறதை எல்லாம் தோண்ட வேண்டாம்."

எதிர் நாற்காலியில் இருந்த பெண் இதைச் சொல்லிவிட்டுக் கைப்பையின் வாரை விரலில் சுற்றி இறுக்கினாள். விரல் நுனி வெளுத்துப் போனது. அவள் கவனிக்கவில்லை.

ரைட்டு மேடத்தைப் பார்த்தான். மேடம் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் யாராவது பாதி வேலை மட்டும் போதும் என்று சொன்னால் மேடம் பேனாவைத்தான் பார்ப்பார்.

ரைட்டு பதினாறு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். விசில் ஊதி "ரைட்" சொல்லிச் சொல்லி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. மேடம் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு விபத்துகளை ஆராய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். இப்போது சொந்தத் துப்பறியும் அலுவலகம். ஒரு அறை, இரண்டு மேஜை, சுற்றுவதைவிடச் சத்தம் அதிகம் போடும் ஒரு மின்விசிறி.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா" என்றார் மேடம்.

அவள் சொன்னாள். அப்பா டேங்கர் டிரைவர். இருபத்தாறு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பன்னிரண்டு நாளுக்கு முன்னால், துறைமுகத்துக்கு எரிவாயு ஏற்றிப் போகும்போது, கல்குவாரிச் சாலையின் வளைவில் டேங்கர் பள்ளத்தில் உருண்டது. தொட்டி உடையவில்லை. கேபின் நசுங்கி அப்பா அங்கேயே இறந்துபோனார்.

"கேஸை வெளிநாட்டுக்கு அனுப்பறதுக்குப் புதுசாப் பாதை போட்டுக்கிட்டிருக்காங்க. ரயில்ல அனுப்பத்தான் திட்டம், ஆனா வேகன் வர்றதுக்கு அடுத்த வருஷம் ஆகும். அதுவரைக்கும் ரோட்லதான் போகணும். கடற்கரை ரோடு அறுபது கிலோமீட்டர் சுத்து. பைபாஸ் ரோடு குறுக்க. சோதனைக்காகப் பைபாஸ்ல ஓட்டிப் பாத்தாங்க. அப்பா மட்டும் பதினோரு ட்ரிப் அடிச்சார்."

"அதுல எட்டு ட்ரிப் பைபாஸ விட்டுட்டுக் குவாரி ரோட்ல போயிருக்கார்" என்றார் மேடம், அவள் கொண்டுவந்த தாளைப் பார்த்தபடி. டேங்கரில் பொருத்தியிருந்த கருவி ஒவ்வொரு ட்ரிப்பையும் நிமிடக் கணக்கில் பதிந்திருந்தது. "ஒவ்வொரு தடவையும் குவாரி முனையில ஏழு நிமிஷம் நின்னிருக்கார். கடைசி நாள் இருபத்திரண்டு நிமிஷம்."

"அந்த நேரத்துல சிலிண்டர்ல கேஸ் பிடிச்சு வித்தார்ங்கறாங்க. நாளைக்குப் பத்து மணிக்குக் கம்பெனி விசாரணை. திருடன்னு எழுதிட்டா அதோட முடிஞ்சுது."

"ஏழு நிமிஷத்துல என்னால ஒரு டீ குடிச்சு முடிக்க முடியாது" என்றான் ரைட்டு. "அவ்வளவு பெரிய டேங்கர்ல குழாய் மாட்டி, கேஸ் பிடிச்சு, கழட்டி, ஒண்ணும் தெரியாத மாதிரி முகத்தையும் வச்சுக்கிட்டுக் கிளம்பணும்னா, அது திருட்டு இல்ல, சர்க்கஸ்."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று முயன்றதுபோல் உதடு மட்டும் அசைந்தது.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார் மேடம்.

"அதே கம்பெனிலதான். பாதை ஆய்வுப் பிரிவு. மேப் போடறேன்." கொஞ்சம் நிறுத்தி, "பைபாஸ் பாதையக் கண்டுபிடிச்சதே நான்தான். கடல் தாண்டி இன்னொரு துறைமுகம் இதே கேஸ விக்கப் போட்டி போடுது. கடற்கரை ரோட்ல போனா அவங்க விலைக்கு நம்மால குடுக்க முடியாது. பைபாஸ்ல போனா முடியும். பாதையோரம் இருநூறு மீட்டருக்குள்ள பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதுவும் இருக்கக் கூடாதுன்னு விதி. போன வருஷம் நானே நடந்து அளந்தேன். ஒண்ணுமே கிடையாது" என்றாள்.

கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் மேஜையைப் பார்த்துச் சொன்னாள்.

ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாள். பெயரின் கடைசி எழுத்தை வாலாக இழுத்து, பின்னால் மடக்கி, அடியில் இரண்டு புள்ளி வைத்தாள். பஸ் பாஸைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணால் ரைட்டு அதையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தான்.

அவள் போனதும் மேடம் சொன்னார்: "ஏன் போனார்னு தெரியாம, திருடப் போகலைன்னு எப்படி நிரூபிக்கிறது?"

"அந்தப் பொண்ணுக்கும் அது தெரியும் மேடம்."

"தெரியும். அதுதான் உறுத்துது. காரை எடு."

*

குவாரி முனையில் ஒரு கீற்றுக்கொட்டகை இருந்தது. வாசலில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் ஒரு காவலாளி. வலது கண்ணின் மேல் பச்சைத் துணி தொங்கியது. அங்கிருந்து ஒற்றை வண்டி அகலத்துக்கு ஒரு சாலை பாறையைச் சுற்றி ஏறி, ஏழு கிலோமீட்டர் தாண்டி மறுபடி பைபாஸில் சேர்ந்தது. நடுவில் வீடு இல்லை, கடை இல்லை. ஆடு மேய்கிறவர்கூட இல்லை.

"டேங்கர் டிரைவரா? நல்ல மனுஷன்" என்றார் காவலாளி. "ஹாரன் அடிக்க மாட்டார். எறங்கி வந்துதான் கேப்பார். மேலேர்ந்து கல்லு லாரி வருதாய்யாம்பார். நான் மேல போன் போட்டுக் கேப்பேன். லாரி வருதுன்னா எறங்குற வரைக்கும் காத்திருப்பார். வழி காலியானதும் நான் செவப்புத் துணிய மடிப்பேன். அப்பறம்தான் வண்டிய எடுப்பார்."

"லாரி எறங்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஏழு, எட்டு நிமிஷம்."

ரைட்டு தாளை எடுத்து ஏழு நிமிடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தான். "மேடம், திருட்டு நேரம் பூரா டிராபிக் சிக்னலாப் போச்சு."

"கடைசி நாள்?" என்று கேட்டார் மேடம்.

காவலாளி ஸ்டூலில் இருந்து எழுந்தார். எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் இல்லம்மா. கண்ணுல பொறை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எனக்குப் பதிலா ஆள் போடுங்கன்னு குவாரியில சொல்லிட்டுத்தான் போனேன். போடல. அவர் வந்து நின்னு பாத்திருக்கார். யாரும் வரலன்னதும் மெதுவா ஏறியிருக்கார். வளைவுல லாரி எதுக்க வந்துட்டுது. லாரி மேல கல்லு ஒடைக்கிற ஆளுங்க ஆறு பேர் உக்காந்திருந்தாங்க. இவர் ஸ்டீயரிங்கப் பள்ளத்துப் பக்கம் ஒடிச்சுட்டார்."

இருபத்திரண்டு நிமிடம் அவர் காத்திருந்தது, இந்தக் காலி ஸ்டூலுக்கு முன்னால். ரைட்டு அந்த எண்ணை மட்டும் அடிக்காமல் தாளை மடித்தான்.

"இந்த ரோடு ஆபத்துன்னு அவருக்குத் தெரியாதா?" என்றார் மேடம்.

"தெரியாமயா? நானே கேட்டேன், நல்ல ரோடு இருக்கறப்ப ஏன்யா இந்தச் சந்துக்குள்ள வந்து உசுர விடறேன்னு. 'இங்க கவுந்தா நான் ஒருத்தன்தான்யா'ன்னார். வெளையாட்டுக்குச் சொல்றார்னு நெனச்சேன்." துணி மூடாத கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஞாயித்துக்கிழமையில வரமாட்டார். ஒரு ஞாயித்துக்கிழமைகூட வந்ததில்ல."

மேடம் தாளை வாங்கிப் பார்த்தார். பைபாஸிலேயே போன ட்ரிப்புகள் மூன்று. இரண்டு ஞாயிறு. ஒன்று புதன்.

"வாரத்துல ஒருநாள் லீவு எடுக்கற திருடனை நான் கேள்விப்பட்டதில்ல" என்றான் ரைட்டு, காருக்குத் திரும்பும்போது.

"ஞாயிறு சரி. நடுவுல ஒரு புதன்கிழமை எதுக்கு லீவு?"

"திருடனுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ."

"ஞாயித்துக்கிழமை பைபாஸ்ல இல்லாதது எதுவோ, அது அந்தப் புதன்கிழமையும் இல்ல. அதைத் தேடு. மெதுவா ஓட்டு."

*

பைபாஸ் நேராக, அகலமாக, வழவழவென்று போனது. இருபக்கமும் காலி நிலம். ரைட்டு மூன்றாவது கியரிலேயே உருட்டினான். நான்காவது கிலோமீட்டரில் ஒரு சத்தம் கேட்டது. வாய்பாடு. நூறு குரல் ஒரே ராகத்தில் ஏழாம் வாய்பாட்டை இழுத்துக்கொண்டிருந்தது.

தகரம் போட்ட நீளமான கொட்டகை. சுவருக்குப் பதில் இடுப்பளவு தட்டி. ரைட்டு இறங்கிச் சாலை ஓரத்தில் இருந்து எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்தான். முப்பத்தெட்டாவது எட்டில் கை தட்டியைத் தொட்டது. உள்ளே முதல் வரிசையில் பல் விழுந்த ஒரு சின்னப் பெண் வாய்பாட்டை விட்டுவிட்டு அவனையே பார்த்தாள்.

தலைமையாசிரியை வெளியே வந்தார். நெற்றியில் மூக்குக்கண்ணாடி, கையில் சாக்குக்கட்டி.

"பழைய கட்டடத்துல விரிசல் விட்டுடுச்சு. புதுசு கட்டற வரைக்கும் இங்க மாத்தியிருக்காங்க. வந்து மூணு மாசம் ஆகுது. மொத்தம் நூத்திப்பத்து பிள்ளைங்க."

மேப் போட்டது போன வருடம். அப்போது இங்கே வெறும் நிலம்தான்.

"போன மாசம் ஒரு புதன்கிழமை லீவு விட்டீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"ஆமா. முந்தின நாள் காத்துல தகரம் பறந்துபோச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேடம் விபத்தைச் சொன்னார். தலைமையாசிரியையின் கையில் இருந்த சாக்குக்கட்டி இரண்டாக ஒடிந்தது.

"அதனாலதானா" என்றார் மெல்ல. "பன்னெண்டு நாளா போன் வரல. வேற ரோட்டுக்கு மாத்திட்டாங்க போலன்னு நெனச்சு நான் சந்தோஷப்பட்டேன்."

"என்ன போன்?"

"கிளம்பறதுக்கு முன்னாடி கூப்பிடுவார். 'இன்னிக்குப் பள்ளிக்கூடம் உண்டா டீச்சர்?' அவ்வளவுதான். உண்டுன்னா 'சரிங்க'ன்னு வச்சிடுவார். முதல்ல யாரோ பிள்ளையோட அப்பான்னு நெனச்சேன். அப்புறம் ஒருநாள் நேர்ல வந்து, இதோ இவர் மாதிரியே ரோட்டுலேர்ந்து எட்டு வச்சு அளந்தார். தான் ஓட்டற வண்டியில என்ன இருக்கு, கவுந்தா என்ன ஆகும்னு எல்லாம் சொன்னார். கம்பெனியோட பாதை ஆய்வுப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார்."

"அவரே சொல்லியிருக்கலாமே. மகளே அங்கதானே வேலை" என்றான் ரைட்டு.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நான் வீட்ல சொன்னா அது அப்பன் மக பேச்சு டீச்சர், நீங்க எழுதுனா அது ஆபீஸ் பேப்பர்'னார். பதிவுத் தபால்ல அனுப்பினேன். வாங்கினவங்க கையெழுத்தோட ஒப்புகை அட்டை நாலு நாள்ல திரும்பி வந்தது. இருங்க."

கோப்பில் இருந்து மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேடம் பார்த்துவிட்டு ரைட்டிடம் நீட்டினார்.

ரைட்டு அட்டையைப் பார்த்தான். கையெழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்தான். அட்டையில் தேதி ஒன்றரை மாதத்துக்கு முந்தையது.

"இதை டிரைவர் பாத்தாரா?" என்றார் மேடம்.

"பாத்தார்" என்றார் தலைமையாசிரியை. பிறகு டிரைவர் சொன்ன ஒரு வார்த்தையையும் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போனார். வாய்பாடு நின்றுபோயிருந்தது. பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்தன.

காரில் ஏறி இரண்டு கிலோமீட்டர் வரை ரைட்டு அந்த அட்டையை ஸ்டீயரிங்கோடு சேர்த்துப் பிடித்தபடி ஓட்டினான்.

"சொல்லு" என்றார் மேடம்.

"பதினாறு வருஷம் பஸ் பாஸ்ல கையெழுத்துப் பாத்தவன் மேடம் நான். வாலு மடங்கி, கீழ ரெண்டு புள்ளி." அட்டையைத் தொடைமேல் வைத்துத் தடவினான். "காலையில நம்ம கோப்புல வச்சேன். அதே கை."

"தெரியும்."

"அந்தக் கடிதம் உள்ள போயிருந்தா அன்னிக்கே பைபாஸ மூடியிருப்பாங்க. அவர் குவாரிக்குப் போயிருக்கவே மாட்டார்."

"வண்டிய ஓரமா நிறுத்து ரைட்டு. உனக்குக் கண்ணு தெரியல."

*

பாதை ஆய்வுப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். அறையில் அவள் மட்டும் இருந்தாள். சுவர் முழுக்க மேப். எரிவாயு ஆலையில் இருந்து துறைமுகம் வரை ஒரு பச்சைக் கோடு ஓடியது. அழகான கோடு. தயக்கமே இல்லாமல் போட்ட கோடு.

மேடம் மஞ்சள் அட்டையை மேஜைமேல் வைத்தார்.

அவள் அதைத் தொடவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்து, பழைய மேப்புகளுக்கு அடியில் இருந்து பள்ளிக்கூட முத்திரை வைத்த ஒரு கடிதத்தை எடுத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். இந்த நாளுக்காகத் தயாராக இருந்தவள்போல எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தாள்.

"நான் கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டீங்க" என்றார் மேடம்.

"முதல் கப்பல் வர அம்பது நாள்தான் இருந்தது. பள்ளிக்கூடத்த மேப்ல போட்டா பைபாஸ் அடிபட்டுடும். கடற்கரை ரோட்ல போனா நாலு நாள் தாமதம். கப்பல் காத்திருக்காம அந்தத் துறைமுகத்துக்குப் போயிடும்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரு கப்பல் போகட்டும், அப்புறம் கடிதத்த எடுக்கலாம்னு நெனச்சேன். ஒரே ஒரு கப்பல்." பச்சைக் கோட்டைப் பார்த்தாள். "இந்தப் பாதையப் போட்டப்ப, இந்தப் பிரிவுல முதல் தடவையா எனக்குக் கை தட்டினாங்க மேடம்."

"வேற யாருக்கும் தெரியுமா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

"அப்பா எட்டு தடவை குவாரி வழியா போனது?"

"அது தெரியாது. சத்தியமா. அவர் போனப்புறம் விசாரணைக்காக லிஸ்ட்டு குடுத்தாங்க. கிழமையப் பாத்தேன். பாத்ததுமே புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்கும்மா எங்ககிட்ட வந்தீங்க?" என்றான் ரைட்டு. கோபமாகக் கேட்க நினைத்துத்தான் வாயைத் திறந்தான். வெளியே வந்தபோது அப்படி இல்லை.

"வேற ஏதாவது காரணம் இருந்துராதான்னு வந்தேன்ணா. வேற எதுவா இருந்தாலும் பரவாயில்லைன்னு."

 கீழே தெருவில் எவனோ இரும்புக் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம்" என்றாள். "கடிதம் எழுதச் சொன்னது அப்பாவா?"

"ஆமா."

"இந்த அட்டைய அவர் பாத்தாரா?"

ரைட்டு மேடத்தின் முகத்தைப் பார்த்தான். இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினான். டிக்கெட் எடுக்காதவனைக் கண்டும் காணாமலும் விட்ட நாட்கள் அவனுக்கு உண்டு. மேடத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"பாத்தார்" என்றார் மேடம்.

"என் கையெழுத்துன்னு தெரிஞ்சுதா?"

"பாத்ததுமே தெரிஞ்சுது. டீச்சர்கிட்ட, 'எம்பொண்ணு கைக்கே போயிடுச்சுங்க. இனி அது பாத்துக்கும். அதுவரைக்கும் நான் அந்தப் பக்கமாப் போய்க்கறேன்'னார்."

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மாசத்துக்கு மேல தினம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டார்" என்றாள். "ஒரு வார்த்தை கேக்கல. வேலை ஜாஸ்தியாம்மான்னு ஒருநாள் கேட்டார். ஆமாப்பான்னேன். சரி, பாத்துச் செய்னார்."

மேடம் எழுந்துபோய் அவள் தோளில் கை வைத்தார். இத்தனை வருடத்தில் வாடிக்கையாளர் ஒருவரை மேடம் தொட்டு ரைட்டு பார்த்ததில்லை.

"நாளைக்குப் பத்து மணி" என்றார் மேடம். "நான் சொல்லியே ஆகணும். ஆனா நீங்க முதல்ல சொன்னா நல்லது."

"நானே சொல்றேன்."

*

சொன்னாள். விசாரணைக் குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள். உட்காரச் சொன்னபோது மறுத்து, நின்றுகொண்டே சொன்னாள். கடிதத்தையும் அட்டையையும் கொடுத்தாள். காவலாளியும் தலைமையாசிரியையும் சொன்னதை மேடம் எழுதிக் கொடுத்தார். திருட்டு என்று தட்டச்சு செய்து வைத்திருந்த தாளைத் தலைவர் எடுத்துக் கிழித்தார். டிரைவரின் பெயரில் குற்றம் எதுவும் இல்லை என்று வேறு தாளில் எழுதினார்கள். மகளை அன்றே வேலையில் இருந்து நிறுத்தினார்கள். போலீசிலும் புகார் கொடுத்தார்கள். அவள் எதையும் மறுக்கவில்லை.

பைபாஸில் டேங்கர் போவது அன்று மாலையே நின்றது. வண்டிகளைக் கடற்கரை ரோட்டுக்குத் திருப்பினார்கள். வேகன்களைச் சீக்கிரம் கேட்டு ரயில்வேக்கு எழுதினார்கள்.

ஒன்பது நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, மேடத்தின் மேஜையில் போன் அடித்தது. ரைட்டு எடுத்தான். குரல் தெரிந்ததும் மேடத்திடம் கொடுத்தான்.

"சொல்லுங்கம்மா."

"கேஸ் ஏத்திக்கிட்டு அந்த முதல் கப்பல் இன்னிக்குக் கிளம்பிடுச்சு மேடம். துறைமுகத்துல வந்து பாத்துட்டு நிக்கறேன்."

"ம்."

"நாலு நாள் தாமதம். வேற துறைமுகத்துக்குப் போகல." அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. "காத்திருந்துச்சு மேடம். ஒண்ணும் சொல்லாம நாலு நாளும் காத்துக்கிட்டு இருந்துச்சு."

அதற்குள் அழுகை வந்துவிட்டது. மேடம் போனைக் காதில் இருந்து எடுக்கவில்லை. ரைட்டு போய் மின்விசிறியை நிறுத்தினான். அந்தப் பக்கத்து அழுகை அடங்கும்வரை இரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள்.